ஜெராக்ஸ் தொடங்கும் இடத்தில் ஒரு முடிச்சு!

நாளைக்கு செமஸ்டர் எக்ஸாம். கிளாஸில் ஒழுங்காக நோட்ஸ் எடுத்தது ஒரே ஒருத்திதான். மொத்தம் 400 பக்கம். காலேஜ் வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் இருப்பது ஒரே ஒரு மெஷின். அதுவும் பத்துப் பக்கத்துக்கு ஒரு தடவை பேப்பரை மென்று துப்பும். என்ன செய்வோம்? ஸ்பைரலைப் பிரித்து, ஆளுக்கு 30 பக்கமாக அள்ளிக்கொண்டு, ஊரில் உள்ள எல்லா ஜெராக்ஸ் கடைக்கும் ஓடுவோம். அரை மணி நேரத்தில் வேலை ஓவர்!

இது ஏதோ நம்ம செட் கண்டுபிடித்த டெக்னிக் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் இதே வேலையைத்தான் செய்கிறதாம். அங்கே ஜெராக்ஸ் போடவேண்டிய நோட்ஸின் பெயர் டி.என்.ஏ.

பயாலஜிக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. இப்போது படிப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ், மூன்றாம் வருடம். அப்புறம் எதுக்கு இந்தப் பக்கம் வந்தேன் என்று கேட்டால், காரணம் எங்க அத்தை. போன வருஷம் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். கீமோதெரபி ஆரம்பித்த மூன்றாவது வாரமே முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. இடுப்பு வரைக்கும் இருந்த நேர் முடி. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருநாள் கேட்டார்.

“ஏன்டி, இன்ஜினீயரிங் படிக்கிறியே... கட்டி ஒரு இடத்துல இருக்கு. மருந்து என் முடியை ஏன்டி அடிக்குது?”

எனக்குத் தெரியவில்லை. ஹாஸ்டலில் பக்கத்து ரூம் பயோடெக் அக்காவிடம் போய் நின்றேன். “நிறைய கீமோ மருந்துங்க டி.என்.ஏ. காப்பி ஆகறதைத்தான் கெடுக்கும். எந்த செல் வேகமா பிரியுதோ அதுக்கு அடி விழும். கேன்சர் செல்லும் பிரியும், முடி வேர்ல இருக்கற செல்லும் பிரியும். ரெண்டுக்கும் வித்தியாசம் அந்த மருந்துக்குத் தெரியாதுடி” என்றார். அதோடு விட்டிருக்கலாம். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். “அந்தக் காப்பி மனுஷ செல்லுல எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னே இன்னும் சண்டை நடக்குது, தெரியுமா?”

அந்தச் சண்டையைத் தேடிப் போனேன். தூக்கம் போனதுதான் மிச்சம்!

43 நாளா, 8 மணி நேரமா?

முதலில் கணக்கு. ஒரு மனித செல்லில் சுமார் 600 கோடி ஜோடி எழுத்துகள் இருக்கின்றன. எழுத்து என்றால் ஏ, டி, ஜி, சி என்று நாலே நாலுதான். ஏ எப்போதும் டி-யோடு ஜோடி சேரும், ஜி எப்போதும் சி-யோடு. இரண்டு இழைகள் எதிரெதிராக முறுக்கிக்கொண்டிருக்கும் அந்த இரட்டைச் சுருளை நீட்டிப் பிடித்தால் மொத்த நீளம் சுமார் 2 மீட்டர். காப்பி எடுக்க இரண்டு இழையையும் பிரித்து, ஒவ்வொன்றையும் பார்த்து அதன் ஜோடியை எழுதவேண்டும்.

எழுதும் வேகம் மனித செல்லில் நிமிடத்துக்கு சுமார் 2000 எழுத்து. நம்முடைய குரோமோசோம்களிலேயே பெரியதான முதல் குரோமோசோமில் ஏறக்குறைய 24.9 கோடி எழுத்து ஜோடிகள். நட்டநடுவில் ஓர் இடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் ஓடினால்கூட 43 நாள் ஆகும். கால்குலேட்டரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். ஆனால் செல் எடுத்துக்கொள்வதோ 8 மணி நேரம் மாதிரிதான். எப்படி? நம்ம ஜெராக்ஸ் டெக்னிக்! ஒரே சமயத்தில் இல்லாவிட்டாலும், அந்த 8 மணி நேரத்துக்குள் 30,000 முதல் 50,000 இடங்களில் காப்பி தொடங்குகிறது. இந்த இடங்களுக்குத்தான் ‘ஆரிஜின்’ என்று பெயர். தமிழில் தொடக்கப் புள்ளி.

சரி, எந்தெந்த இடம் என்று செல்லுக்கு யார் சொல்கிறார்கள்?

சின்ன உயிர்களில் இதற்குப் பதில் சுலபம். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமான ஒரே டி.என்.ஏ., 46 லட்சம் எழுத்து ஜோடி, ஒரே ஒரு தொடக்கப் புள்ளி. அது சுமார் 245 எழுத்து நீளம். அதற்கென்றே உள்ள ஒரு புரதம் அந்த எழுத்துகளை அடையாளம் கண்டு உட்கார்ந்து, பக்கத்தில் ஏ-யும் டி-யும் நிறைந்த பகுதியை ஜிப் மாதிரிப் பிரித்துவிடும். ஏன் அந்தப் பகுதி? ஏ-டி ஜோடிக்கு இடையில் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள், ஜி-சி ஜோடிக்கு மூன்று. லூசான இடத்தில் பிரிப்பதுதானே புத்திசாலித்தனம்! 1963-ல் ஃபிரான்சுவா ஜேக்கப், சிட்னி பிரென்னர், ஃபிரான்சுவா குஸின் மூவரும் “ஓர் இடம், அதை அடையாளம் காணும் ஒரு புரதம்” என்று போட்ட கணக்கு பாக்டீரியாவில் அப்படியே பொருந்தியது. நம்ம இட்லி மாவு வகையறா ஈஸ்ட்... மன்னிக்கவும், பேக்கரி ஈஸ்ட்டிலும் இப்படி ஏ, டி நிறைந்த சொற்கள் கிடைத்தன.

மனிதனுக்கு வந்தால்? சொல்லே இல்லை! ஆயிரக்கணக்கான ஆரிஜின்களை வரிசையாக வைத்துப் பார்த்தும் பொதுவான ஒரு எழுத்து வரிசை சிக்கவில்லை. ‘ஃபைண்ட்’ போட்டுத் தேட ஒரு கீவேர்டே இல்லாத 600 கோடி எழுத்து ஃபைல். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரிக்கு இதைவிட எரிச்சல் வேறு என்ன வேண்டும்?

வெண்டைக்காய்ச் செடி சொன்ன க்ளூ

எழுத்து இல்லையென்றால் வடிவமாக இருக்குமோ? இந்தச் சந்தேகம் ஒன்றும் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. டி.என்.ஏ. எப்போதும் பாடப்புத்தகப் படம் மாதிரி சமத்தாக முறுக்கிக்கொண்டே இருப்பதில்லை. சில இடங்களில் மடங்கும், சில இடங்களில் சிலுவை மாதிரி விரியும்.

வெண்டைத் தோட்டத்தில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிப் போன செடியைப் பார்த்திருக்கிறீர்களா? உளுந்து வயலில் இலையெல்லாம் மஞ்சள் திட்டு? இரண்டுக்கும் காரணம் வெள்ளை ஈ கொண்டுவந்து விடும் ‘ஜெமினி’ வகை வைரஸ்கள். இரட்டைப் பிள்ளை மாதிரி ஒட்டிய இரண்டு கூடு இருப்பதால் அந்தப் பெயர். புதுக்கோட்டை பக்கம் வம்பன் உளுந்திலிருந்து எடுத்த இப்படியொரு வைரஸை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

இந்த வைரஸின் டி.என்.ஏ. வட்டம் சுமார் 2700 எழுத்துதான். அதில் காப்பி தொடங்கும் இடத்தில் இழை மடங்கி, ஹேர்பின் மாதிரி ஒரு தண்டும் உச்சியில் ஒரு வளையமுமாக நிற்கும். வளையத்தில் டிஏஏடிஏடிடிஏசி என்று ஒன்பது எழுத்து. வைரஸின் புரதம் வந்து, ஏழாவது எழுத்துக்கும் எட்டாவது எழுத்துக்கும் நடுவில் கரெக்டாக ஒரு வெட்டு வெட்டும். அங்கிருந்து நூல்கண்டு உருளுகிற மாதிரி காப்பி உருவிக்கொண்டு வரும். இங்கே எழுத்தும் இருக்கிறது, மடிப்பும் இருக்கிறது.

மனித செல்லில் மாட்டிய வடிவம் இதைவிட விசித்திரமானது.

நாலு ஜி சேர்ந்தால்...

1910-ல் ஐவார் பாங் என்ற வேதியியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஜி என்ற எழுத்துக்கு உரிய குவானிலிக் அமிலம், கரைசலில் அடர்த்தி அதிகமானால் ஜவ்வரிசிக் கஞ்சி ஆறினது மாதிரி கெட்டியாகி நின்றுவிடுகிறது. ஏன் என்று அடுத்த 50 வருஷத்துக்கு யாருக்கும் புரியவில்லை. 1962-ல் மார்ட்டின் கெல்லர்ட், மேரி லிப்செட், டேவிட் டேவிஸ் மூவரும் எக்ஸ்-ரே அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாலு ஜி-க்கள் கைகோத்து ஒரு சதுரமாக உட்கார்கின்றன! சதுரத்தின் மேல் சதுரமாக, கேரம் காய்களை அடுக்கினது மாதிரி அடுக்கு. நடுவில் பொட்டாசியம் அயனி ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்துகொள்ளும். வாழைப்பழத்தில் இருக்கிறதே, அதே பொட்டாசியம்தான். நம் செல்லுக்குள் அதற்குப் பஞ்சமே இல்லை.

இந்த வடிவத்துக்கு ஜி-குவாட்ரூப்ளெக்ஸ் என்று பெயர். செல்லமாக ஜி-4. ஓர் இழையில் ‘ஜிஜிஜி’ என்று நாலு தடவை அடுத்தடுத்து வந்து, நடுநடுவே ஒன்றிலிருந்து ஏழு எழுத்து இடைவெளி இருந்தால், அங்கே இந்த முடிச்சு விழ வாய்ப்பு உண்டு. அட, இது நம்ம லேபில் சொல்லித்தரும் பேட்டர்ன் மேட்சிங்! ஒரே வரி புரோகிராம் போதும்.

சோதனைக் குழாயில் முடிச்சு விழுவது சரி, உயிரோடு இருக்கும் மனித செல்லில் விழுமா? 2013-ல் கேம்பிரிட்ஜில் சங்கர் பாலசுப்ரமணியன் குழுவினர், ஜி-4 வடிவத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஓர் ஆன்டிபாடியைச் செய்து மனித செல்களுக்குள் அனுப்பினார்கள். மைக்ராஸ்கோப்பில் புள்ளிப் புள்ளியாக மின்னியது. (அவர் 1966-ல் பிறந்தது நம்ம சென்னையில்தான். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது. இன்று உலகம் பூராவும் டி.என்.ஏ.வைப் படிக்கப் பயன்படும் ஒரு முறையை உருவாக்கிய இருவரில் ஒருவர். கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!) முக்கியமான விஷயம் என்னவென்றால், செல் தன் டி.என்.ஏ.வைக் காப்பி எடுக்கும் கட்டத்தில்தான் அந்தப் புள்ளிகள் அதிகமாக மின்னின.

அதற்கு முன்பே, 2011, 2012 வருடங்களில் பிரான்ஸின் மான்ட்பெல்லியே நகரில் மார்செல் மெஷாலியின் குழுவும் ழான்-மார்க் லெமெத்ரின் குழுவும் எலி, ஈ, மனித செல்களில் ஆரிஜின்களைப் பட்டியல் போட்டிருந்தன. பட்டியலில் பெரும்பாலான இடங்களுக்குப் பக்கத்தில் ஜி நிறைந்த, ஜி-4 முடிச்சு விழக்கூடிய வரிசைகள்!

இங்கேதான் எனக்கு இடித்தது. பாக்டீரியா லூசான இடத்தில் ஆரம்பிக்கிறது. நாம் மட்டும் ஏன் இறுக்கமான ஜி-சி இடத்தில் போய் ஆரம்பிக்கவேண்டும்? ஸ்பைரல் நோட்டில் கம்பி இறுகிப்போன பக்கமாகப் பார்த்தா பிரிப்போம்? அக்காவிடம் கேட்டேன். அவர் தன் துப்பட்டாவை எடுத்து இரண்டு முனையையும் முறுக்கிக் காட்டினார். “ஒரு இழையில இருக்கற ஜி எல்லாம் முடிச்சுக்குள்ள போயிடுச்சுன்னா, எதிர் இழை தனியா நிக்கும்ல? பிரிஞ்சது பிரிஞ்சபடியே இருக்கும். அதோட, டி.என்.ஏ. சுத்தி வெச்சிருக்கற புரத உருண்டை அந்த முடிச்சு மேல உக்காராது. காப்பி மெஷின் வந்து இறங்க இடம் காலியா இருக்கும்.” ஒரு விளக்கம் அப்படி.

வடிகட்டியே பொய் சொன்னால்?

இனிமேல்தான் சண்டை. ஆரிஜின்களை எப்படிப் பட்டியல் போட்டார்கள் என்று பாருங்கள். புதிதாகப் பிறக்கும் டி.என்.ஏ. துண்டின் தலையில் கொஞ்சம் ஆர்.என்.ஏ. ஒட்டியிருக்கும். டி.என்.ஏ.வை நுனியிலிருந்து தின்னும் ஒரு என்சைமை உள்ளே விட்டால், பழைய துண்டுகளையெல்லாம் தின்றுவிடும். ஆர்.என்.ஏ. தொப்பி போட்ட புதுத் துண்டுகளை மட்டும் தொடாது. மிச்சம் இருப்பது எந்த இடம் என்று படித்தால் ஆரிஜின் கிடைத்துவிடும். சூப்பர் ஐடியாதான்.

2015-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் சூசன் கெர்பியின் குழு ஒரு குண்டைப் போட்டது. அந்த என்சைம் ஜி-4 முடிச்சைக் கண்டால் தின்ன முடியாமல் திணறுகிறது! அப்படியென்றால், வடிகட்டியில் தங்கிய ஜி நிறைந்த துண்டுகள் எல்லாம் புதிதாகப் பிறந்தவைதானா? இல்லை, என்சைமின் பல்லுக்கு உடையாத பழசும் அதில் கலந்திருக்கிறதா?

லேபில் ரீடிங் அழகாக வரும்போது ஸார் “மல்டிமீட்டர் சரியா இருக்கா பாரு” என்பாரே, அதே கதை. வருடக்கணக்கில் கட்டிய கோட்டை, அளக்கும் கருவியின் கோளாறாக இருந்துவிட்டால்? இதைப் படித்த ராத்திரி எனக்கே வயிற்றைக் கலக்கியது. அந்த ஆராய்ச்சி மாணவர்களை நினைத்துப் பாருங்கள். ஆனால் கெர்பி குழு அதோடு நிறுத்தவில்லை. கருவியின் பிழையைக் கழித்துவிட்டு மறுபடி எண்ணிப் பார்த்தது. அப்போதும் ஒரு பகுதி ஆரிஜின்களுக்குப் பக்கத்தில் ஜி-4 இருக்கத்தான் செய்தது.

அளந்து பார்த்துத் தீராத வழக்கை, கை வைத்துப் பார்த்துத் தீர்க்கலாம். பாரிஸில் மரி-நோயெல் பிரியோலோவின் குழு 2014-லேயே அதைத் தொடங்கியிருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது கோழி செல். அதில் ஒரு ஆரிஜினில் இருக்கும் ஜி-4 வரிசையில் ஒன்றிரண்டு எழுத்தை மட்டும் மாற்றினார்கள். முடிச்சு விழ வழியில்லாமல் போனது, ஆரிஜினும் வேலைசெய்யவில்லை! முடிச்சைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்கள். காப்பி தொடங்கும் இடம் அதற்குத் தகுந்தாற்போல நகர்ந்துவிட்டது. ஆனால் ஜி-4-ஐ மட்டும் தனியாக வைத்தபோது காரியம் நடக்கவில்லை. பக்கத்தில் ஒரு 200 எழுத்துத் துணைப் பகுதி தேவைப்பட்டது. 2019-ல் மெஷாலி குழு எலி செல்லில் ஜி நிறைந்த பகுதியை வெட்டி எடுத்ததும் ஆரிஜின் மங்கியது. வேறோர் இடத்தில் ஒட்டியதும் அங்கே புதிதாக ஒன்று முளைத்தது.

எனக்கு இது போதும் என்று தோன்றுகிறது. முடிச்சுக்கு ஏதோ ஒரு கை இருக்கிறது. ஆனால் எதிர் அணி சும்மா இல்லை. வேறு முறைகளில் அளப்பவர்கள், மனித செல்லில் காப்பி தொடங்குவது துல்லியமான புள்ளிகளில் இல்லை, பல ஆயிரம் எழுத்து அகலமுள்ள மண்டலங்களுக்குள் எங்கு வேண்டுமானாலும் என்கிறார்கள். டவுன் பஸ் மாதிரி ஸ்டாப்பில் மட்டும் நிற்கிறதா, மினி பஸ் மாதிரி கை காட்டின இடத்தில் எல்லாம் நிற்கிறதா என்பதுதான் வழக்கு. முடிச்சு விழக்கூடிய இடங்களை 2015-ல் எண்ணியபோது 7 லட்சத்துக்கு மேல் வந்தது. உயிருள்ள செல்லின் டி.என்.ஏ.வில் 2016-ல் உண்மையாகவே பிடிபட்டதோ சுமார் 10,000. எல்லா முடிச்சும் ஆரிஜின் இல்லை, எல்லா ஆரிஜினிலும் முடிச்சு இல்லை.

அத்தைக்குச் சொன்னது

முடிச்சு தொடக்கத்தில் இருந்தால் உதவி. ஓடுகிற பாதையின் நடுவில் அவிழாமல் கிடந்தால்? காப்பி மெஷின் போய் முட்டும், இழை அறுந்துபோகும். அதனால் முடிச்சை அவிழ்ப்பதற்கென்றே செல்லில் தனிப் புரதங்கள் இருக்கின்றன. ‘டாக்-1’ என்று அப்படியொரு மரபணு புழுக்களில் உண்டு. அதைக் கெடுத்துப் பார்த்தபோது, அடுத்தடுத்த தலைமுறைகளில் ஜி நிறைந்த பகுதிகள் காணாமலே போயின என்று 2002-ல் கண்டுபிடித்தார்கள். மனிதர்களில் அதன் உறவுக்கார மரபணு பழுதானால் ஃபான்கோனி அனீமியா என்ற கொடிய ரத்தநோய் வருகிறது.

இதையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பலாமே? அவிழவிடாமல் முடிச்சை இறுக்கும் மருந்து கொடுத்தால், டி.என்.ஏ. அறும். அறுந்ததை ஒட்டவைக்கும் பி.ஆர்.சி.ஏ. மாதிரி மரபணு ஏற்கெனவே பழுதான கேன்சர் செல் செத்துப்போகும். நல்ல செல் ஒட்டவைத்துக்கொண்டு பிழைக்கும். சி.எக்ஸ்-5461 என்ற மருந்தை இந்த நம்பிக்கையில் கனடாவில் சோதித்து, 2022-ல் முதல் கட்ட முடிவை வெளியிட்டார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கியது. வெயில் பட்டால் தோலும் கண்ணும் பாதிக்கப்பட்டது பக்கவிளைவு.

இதைப் படித்ததும் அத்தைக்கு உடனே போன் போடத்தான் கை போனது. நல்லவேளை, அடுத்த ஆய்வையும் படித்தேன். அந்த மருந்து முடிச்சை இறுக்குவதால்தான் வேலை செய்கிறதா, அல்லது டி.என்.ஏ.வின் முறுக்கை அவிழ்க்கும் வேறொரு என்சைமைப் பிடித்துக்கொள்வதாலா என்பதே கேள்விக்குறி. 2024-ல் வெளியான ஆய்வு இன்னும் மோசம். ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்களில் அது ஏராளமான புதிய மரபணுப் பிழைகளை உண்டாக்குகிறதாம். போனை வைத்துவிட்டேன்.

தீபாவளி லீவுக்குப் போனபோது நேரில்தான் சொன்னேன். ஜெராக்ஸ் கடையில் ஆரம்பித்து, முடி வேர் செல், 43 நாள் கணக்கு, வெண்டைச் செடி, முடிச்சு எல்லாம். முறுக்கு பிழிந்துகொண்டே கேட்டார். “அப்ப என் முடி செஞ்ச தப்பு, வேகமா வளர்ந்ததுதானா?” ஆமாம் என்றேன். சிரித்தார்.

முடி இப்போது காது வரைக்கும் வளர்ந்துவிட்டது. தலையை என் பக்கம் சாய்த்துக் காட்டினார்.

“முன்ன மாதிரி நேரா வரலைடி. சுருட்டை சுருட்டையா வருது. இது ஏன்னு கேட்டுட்டு வா!”

பயோடெக் அக்காவுக்கும் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம்.